ஸ்பீக்கர் கோனில் சிறு கிழிசல்: வீட்டிலேயே ஒட்டுவது எப்படி?

நம் சங்கக் குடும்பங்கள் பலவற்றில் இன்னும் ஒரு பழைய ரேடியோவோ, டேப் ரிக்கார்டரோ, மரப்பெட்டி ஸ்பீக்கரோ இருக்கிறது. சில வீடுகளில் பரணில் கிடக்கும். சில வீடுகளில் அலமாரியின் மேல் துணி போர்த்தி வைத்திருப்பார்கள். கேட்டால், "பாட்டுப் போட்டால் கரகரக்கிறது, அதனால் போடுவதில்லை" என்பார்கள். கடைக்குக் கொண்டு போனாலோ, "இந்த மாடலுக்குக் கோன் கிடைக்காது, புது ஸ்பீக்கர் மாட்டிக்கொள்ளுங்கள்" என்று பதில் வரும். அந்தக் கரகரப்புக்குக் காரணம், பல சமயங்களில், காகிதக் கோனில் விழுந்த ஓர் அங்குலத்துக்கும் குறைவான ஒரு கிழிசல்தான். அதை ஒட்டுவதற்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. ஒரு டீ பேக்கின் தாள், சில சொட்டுப் பசை, மெல்லிய தூரிகை ஒன்று, ஓர் இரவுப் பொறுமை, இவ்வளவுதான் தேவை. ஆனால் ஒட்டுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. கணக்குத் தெரியாமல் பசையை அப்பினால், கிழிசல் போய்விடும். ஸ்பீக்கரின் குரலும் கூடவே போய்விடும். இந்தக் கட்டுரை முக்கியமாக அந்தக் கணக்கைப் பற்றியது.

புதிது வாங்கினால் என்ன என்று இளைஞர்கள் கேட்பது நியாயமே. புளூடூத் ஸ்பீக்கர் உள்ளங்கை அளவில் கிடைக்கிற காலம் இது. எனக்குத் தெரிந்தவரை பதில் இதுதான். திருவனந்தபுரத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகள் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் பேசினார்கள். தெருவில் மலையாளம் பேசினார்கள். வீட்டுக்குள் தமிழ் ஒலித்தது அம்மாவின் வாயிலும் அந்த ரேடியோப் பெட்டியிலும்தான். மாலையில் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையும், திருநெல்வேலி வானொலியும் அந்த எட்டு அங்குலக் காகிதத்தின் வழியாகத்தான் வந்தன. பெட்டிக்குள் வேறு ஸ்பீக்கரை மாட்டினால் பாட்டு வரும். அந்தக் குரல் வராது. ஒரு பழைய ரேடியோவின் குரலில் பெரும் பங்கு அதன் கோனுக்கும் மரப்பெட்டிக்கும் உரியது.

கோன் செய்கிற வேலை

இன்று நாம் காணும் காகிதக் கோன் ஸ்பீக்கரின் வடிவத்தை நிலைநிறுத்தியவர்கள் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இரு பொறியாளர்கள். அவர்களுடைய ஆய்வுரை 1925ல் வெளியானது. நூறாண்டு கடந்தும் அடிப்படை மாறவில்லை. பின்னால் ஒரு காந்தம். காந்தத்தின் நடுவே வட்டமான குறுகிய இடைவெளி. அந்த இடைவெளிக்குள் மெல்லிய செம்புக் கம்பி சுற்றிய ஒரு சிறு சுருள்; மெக்கானிக்குகள் இதைக் காயில் என்பார்கள். காயிலோடு ஒட்டியிருப்பது கோன். கோனின் வெளி விளிம்பைச் சட்டத்தோடு சேர்ப்பது மடிப்பு மடிப்பான ஓரம். உள்ளே காயிலை நடுவில் பிடித்துக்கொண்டிருப்பது ஸ்பைடர் என்ற நெளிநெளியான துணித் தட்டு. காயிலில் மின்னோட்டம் பாயும்போது அது முன்னும் பின்னும் அசைகிறது. கோன் காற்றைத் தள்ளுகிறது. நம் காதில் ஒலி விழுகிறது.

நூறு ஹெர்ட்ஸ் ஒலி என்றால் வினாடிக்கு 100 முறை போய்வருகிறது என்று பொருள். ஒரு மணி நேரத்துக்கு 3,60,000 முறை. இத்தனை முறை வளைந்து நிமிர்கிற ஒரு காகிதத்தில் கிழிசல் இருந்தால் அது இருந்த இடத்தில் இருக்குமா? நாளுக்கு நாள் நீளும். எந்தக் கிழிசலும் தன் நுனியில்தான் வளரும். இழுவிசை முழுவதும் அங்கேதான் குவிகிறது. இரும்புப் பாலத்தின் தகட்டில் விரிசல் கண்டால் அதன் நுனியில் சிறு துளை போடுவது பொறியாளர்கள் அறிந்த வழக்கம். விசை துளையின் வட்டத்தில் பரவி, விரிசல் மேலே ஓடாமல் நிற்கும். கோனுக்குத் துளை வேண்டாம். ஆனால் ஒட்டு, கிழிசலின் நுனியைத் தாண்டிப் போக வேண்டும் என்ற பாடம் அதிலிருந்து நமக்குக் கிடைக்கிறது. நுனி மூடப்படாத ஒட்டு ஒரு மாதம்கூட நிற்காது.

கரகரப்பு எப்படி வருகிறது? கிழிசல் வழியாகக் காற்று கசிவதால் என்று பலர் நினைக்கிறார்கள். சிறு கிழிசலில் கசிவு பொருட்டே இல்லை. கிழிந்த இரு விளிம்புகளும் ஒன்றோடொன்று உரசி, உதடுபோலப் படபடப்பதுதான் அந்தச் சத்தம். கோன் அதிகம் அசைவது தாழ்ந்த ஸ்வரங்களில். ஆகவே மிருதங்கத்தின் தொப்பி, தவில், ஆண் குரலின் கீழ் ஸ்தாயி ஆகியவற்றில் கரகரப்பு கூடுதலாகக் கேட்கும். புல்லாங்குழலில் ஒன்றுமே தெரியாது.

கிழிசல்தானா என்று பாருங்கள்

கரகரப்பு எல்லாம் கிழிசல் அல்ல. ஒட்ட உட்காருமுன் நோயைக் கண்டுகொள்ள வேண்டும்.

முதலில் வேறு ஒரு ஸ்பீக்கரை இணைத்துப் பாருங்கள். அதிலும் கரகரத்தால் குற்றம் ஆம்பிளிபையரில். கோனைத் தொட வேண்டாம். கோனுக்குப் போகும் பின்னல் கம்பி கோனில் தட்டினாலும், நடுவில் உள்ள தூசி மூடி பிரிந்திருந்தாலும், பெட்டியின் ஒரு திருகாணி தளர்ந்திருந்தாலும் இதே சத்தம்தான் வரும். பிறகு, மெல்லிய ஒலியில் பாட்டை ஓடவிட்டு, சந்தேகப்பட்ட இடத்தில் விரல் நுனியை இறகுபோல வையுங்கள். சத்தம் நின்றால் கிழிசல் அங்கேதான்.

அடுத்த சோதனை முக்கியமானது. மின் இணைப்பு இல்லாமல், இரு கைகளின் விரல்களாலும் கோனைச் சுற்றிலும் சமமாகத் தொட்டு, மெதுவாக உள்ளே தள்ளி விடுங்கள். காதைக் கிட்டே வையுங்கள். சரசரவென்று உரசல் கேட்டால், காயில் காந்த இடைவெளியில் தேய்கிறது. காயிலுக்கு இருபுறமும் உள்ள இடம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. காயில் தேய்கிற ஸ்பீக்கருக்கு ஒட்டுப் போட்டுப் பயனில்லை. அதற்குக் கோனையும் காயிலையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

மல்டிமீட்டர் இருந்தால் காயிலை அளந்துகொள்ளுங்கள். 8 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கர் மீட்டரில் 6 முதல் 7 ஓம் வரை காட்டும். 4 ஓம் ஸ்பீக்கர் மூன்றரை ஓம் அளவில் காட்டும். அது குறைபாடு அல்ல. எழுதியிருப்பது மாறுமின்னோட்டத்துக்கான மதிப்பு. மீட்டர் காட்டுவது கம்பியின் நேர்மின் தடை. மீட்டர் இல்லாதவர்கள் ஒரு சாதாரண 1.5 வோல்ட் டார்ச் செல்லை இரு முனைகளிலும் ஒரு கணம் தொட்டு எடுக்கலாம். 'டக்' என்று கோன் துள்ளினால் காயில் உயிரோடு இருக்கிறது.

கனத்தின் கணக்கு

மிருதங்க வித்வான் கச்சேரிக்கு முன் என்ன செய்கிறார் என்று கவனித்திருப்பீர்கள். ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து தொப்பியின் நடுவில் அப்புகிறார். கனம் ஏறியதும் தோலின் நாதம் இறங்குகிறது. கொஞ்சம் கூடினால் மேலும் இறங்கும். அதனால் சிறிது சிறிதாக எடுத்துச் சரிபார்க்கிறார். ஸ்பீக்கர் கோனும் அதே சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. வித்வான் வேண்டுமென்று செய்வதை நாம் வேண்டாமல் செய்துவிடக் கூடாது.

எட்டு அங்குல ரேடியோ ஸ்பீக்கர் ஒன்றில் கோன், காயில் எல்லாம் சேர்ந்து அசைகிற பாகத்தின் எடை 16 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதன் இயல்பான அதிர்வு 80 ஹெர்ட்ஸ். இதில் 1 கிராம் ஒட்டை ஏற்றினால் அதிர்வெண், எடைகளின் விகிதத்தின் வர்க்கமூலப்படி, சுமார் 78 ஆகும். காதுக்குத் தெரியாது. இப்போது மூன்று அங்குல டிரான்சிஸ்டர் ஸ்பீக்கரை எடுங்கள். அசையும் எடை 3 கிராம், இயல்பான அதிர்வு 200 ஹெர்ட்ஸ் என்று கொள்வோம். அதே 1 கிராம் அங்கே அதை 173 ஹெர்ட்ஸுக்கு இறக்கிவிடும். ஒலியின் அளவும் இரண்டரை டெசிபெல் குறையும். குரல் அமுங்கி, போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடும்.

சரி, ஒட்டில் கனம் எங்கே இருக்கிறது? காகிதத்தில் என்றுதான் பலரும் நினைப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். டீ பேக்கின் தாள் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 15 கிராம். 2 செ.மீ.க்கு 4 செ.மீ. துண்டு 8 சதுர செ.மீ.; அதன் எடை 0.012 கிராம். நோட்டுப்புத்தகத் தாளானால்கூட 0.06 கிராமைத் தாண்டாது. ஆனால் அரைத் தேக்கரண்டி வெள்ளைப் பசையைக் குழைத்து அப்பினால், ஈரம் காய்ந்த பிறகும் ஒரு கிராமுக்கு மேல் மிஞ்சும். சமபங்கு தண்ணீர் கலந்த பசையில் ஒரு சொட்டு காய்ந்தால் மிஞ்சுவது ஒரு கிராமில் எண்பதில் ஒரு பங்கு அளவுதான். ஆக, கனம் காகிதத்தில் இல்லை, பசையில் இருக்கிறது. ஒட்டுகிறவரின் கையை அளப்பதும் அதுதான்.

இன்னொன்று. கோனின் ஒரு பக்கத்தில் மட்டும் கனம் ஏறினால், முன்னும் பின்னும் நேராகப் போக வேண்டிய கோன் சற்றே ஆடிக்கொண்டு போகும். ஆடினால் காயில் இடைவெளியின் சுவரில் தொடும். கிழிசலை ஒட்டப் போய்க் காயிலைத் தேய்த்துக்கொண்ட ஸ்பீக்கர்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன்.

எந்தப் பசை, எந்தத் தாள்

தச்சுவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசைதான் காகிதக் கோனுக்கு உகந்தது. நம் நாட்டில் 1959 முதல் விற்பனையில் உள்ள ஃபெவிகால் இவ்வகையே. காய்ந்தால் தெளிவாகி, ஓரளவு வளைந்துகொடுக்கும். தண்ணீரில் கரைத்து நீர்க்கச் செய்ய முடிவது அதன் பெரிய வசதி.

மைதாப் பசை, கஞ்சிப் பசை வேண்டவே வேண்டாம். நம் ஊரில் இடவப்பாதியும் துலாவர்ஷமும் என்று இரண்டு மழைக்காலம். ஆண்டுக்குச் சுமார் 1,800 மி.மீ. மழை. அந்த ஈரத்தில் மாவுப் பசை பூசணம் பிடிக்கும். கரப்பான் பூச்சிக்கும் ராமபாணப் பூச்சிக்கும் அது விருந்து. பசையோடு கோனையும் தின்றுவிடும். நொடியில் ஒட்டும் பசையும் கூடாது. அது தண்ணீர்போல் காகிதத்துக்குள் ஓடி, கண்ணாடிபோல் விறைக்கும். விறைத்த இடத்தின் ஓரத்தில் புதிய கிழிசல் விழும். செலோடேப் நாலு மாதத்தில் பசை காய்ந்து, ஒரு முனை தூக்கிக்கொண்டு, பழைய கரகரப்பைவிட மோசமாகப் படபடக்கும். இரண்டு பகுதி எம்-சீல் குழாய்க்கு நல்லது. கோனுக்கு அது கல். நகப்பூச்சை ஒரு மில்லிமீட்டர் வெடிப்புக்குத் தடவுகிறவர்கள் உண்டு. அவசரத்துக்குச் சரி, நான் பரிந்துரைப்பதில்லை.

தாளைப் பொறுத்தவரை, மேலை நாட்டு நூல்களில் காபி வடிகட்டும் தாளைச் சொல்வார்கள். நம் வீட்டுக் காபி ஃபில்டர் பித்தளை அல்லது எவர்சில்வர். தாளுக்கு எங்கே போவது? டீ பேக் போதும். நல்ல டீ பேக் தாளில் அபாகா என்ற வாழை இனத்து நார் சேர்ந்திருக்கும். மெல்லியது; நனைந்தாலும் கிழியாது. வெந்நீரில் போட்டு எடுத்த பிறகும் முழுசாக இருக்கிறதல்லவா? தூளைக் கொட்டிவிட்டு, பயன்படுத்தாத பையையே எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் இழையால் செய்த வலைப் பைகளும் இப்போது வருகின்றன. அவை ஒட்டாது. கிழித்துப் பார்த்தால் நார் நாராகக் கிழிய வேண்டும். டீ பேக் இல்லாவிட்டால் எழுதுபொருள் கடைகளில் விற்கும் பட்டத் தாள் உதவும்.

வேலையைத் தொடங்குமுன்

மின் இணைப்பைப் பிடுங்கிவிடுங்கள். டிரான்சிஸ்டர், டேப் ரிக்கார்டர், தனி ஸ்பீக்கர் பெட்டி என்றால் இது போதும். வால்வ் ரேடியோ வேறு விஷயம். அதன் உள்ளே 200 வோல்ட்டுக்கு மேல் நேர்மின்சாரம் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர்கள் அந்த மின்னழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். திருவிதாங்கூர் அரசின் வானொலி நிலையம் இந்த நகரில் ஒலிபரப்பைத் தொடங்கியது 1943ல். அகில இந்திய வானொலி அதை ஏற்றது 1950ல். அந்தக் காலத்து ரேடியோ உங்கள் வீட்டில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அக்காலத்து ஸ்பீக்கர்கள் சிலவற்றில் நிலைக் காந்தமே கிடையாது. உயர் மின்னழுத்தம் பாயும் ஒரு பெரிய சுருள்தான் காந்தம். இத்தகைய பெட்டியிலிருந்து ஸ்பீக்கரைக் கழற்றித் தரும் வேலையை அனுபவமுள்ள ரேடியோ மெக்கானிக்கிடம் விடுங்கள். ஒட்டுவதை மட்டும் நீங்கள் செய்யுங்கள். ஸ்பீக்கர் இல்லாத நிலையில் வால்வ் ரேடியோவை ஒருபோதும் போட்டுப் பார்க்கக் கூடாது. அவுட்புட் டிரான்ஸ்பார்மர் பழுதாகும்.

கழற்றும்போது ஓர் எச்சரிக்கை. நல்ல கோன்கள் கிழிவதற்குப் பெருங்காரணம் திருப்புளி. காந்தம் இழுக்கிறது, கை வழுக்குகிறது, திருப்புளி நேராகக் கோனில் இறங்குகிறது. ஒரு தடித்த அட்டையைக் கோனின்மேல் வைத்து இடக்கையால் மூடிக்கொண்டு, பிறகு திருகாணியைத் தொடுங்கள். எந்தக் கம்பி எந்த முனைக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். வேலைசெய்யும் மேஜையில் இரும்புத்தூள் இருக்கக் கூடாது. ஒரு துகள் காந்த இடைவெளிக்குள் போய்விட்டால் எடுப்பது பெரும்பாடு. புதிய செய்தித்தாளை விரித்து அதன்மேல் வையுங்கள்.

ஒட்டும் முறை

உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசியைத் துடையுங்கள். ஈரத்துணி வேண்டாம். கிழிசலின் ஓரங்கள் பழைய சுவரொட்டிபோல் சுருண்டிருந்தால், வாயால் ஊதி மூச்சின் ஈரம் படச் செய்து, விரலால் மெல்ல நீவுங்கள். ஓரத்தில் பஞ்சுபோல் நீட்டிக்கொண்டிருக்கும் நாரைக் கத்தரிக்காதீர்கள். அந்த நார்தான் இரு பக்கத்தையும் பிணைக்கப்போகிறது.

டீ பேக் தாளிலிருந்து ஒரு துண்டைக் கையால் கிழித்து எடுங்கள், கத்தரிக்கோல் வேண்டாம். கத்தரித்த ஓரம் ஒரு கோடுபோல் நிற்கும். அந்தக் கோட்டில் கோன் மடங்கும். கிழித்த ஓரம் மெலிந்து மெலிந்து கோனோடு கலந்துவிடும். துண்டு முட்டை வடிவில், கிழிசலைவிட எல்லாப் பக்கமும் ஐந்தாறு மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கட்டும். இரு நுனிகளிலும் இன்னும் சற்றுக் கூடினாலும் தவறில்லை.

ஒரு மூடியில் பத்துச் சொட்டு வெள்ளைப் பசையும் பத்துச் சொட்டுத் தண்ணீரும் கலக்குங்கள். இவ்வளவுகூட மிஞ்சும். சட்டத்தின் பின்பக்கத் திறப்பு வழியாகத் தூரிகை போகுமானால் ஒட்டைப் பின்பக்கம் போடுவதே நல்லது, முகம் கெடாது. ஓர் ஆள் முன்பக்கம் விரலால் தாங்கிக்கொள்ள, மற்றவர் பின்னால் பசையைத் தடவலாம். இது இரண்டு பேர் வேலை, பேரப்பிள்ளைகளுக்கு ஏற்றது. கிழிசலின் விளிம்புகளில் முதலில் மெல்லிய பூச்சு, விளிம்புகளைப் பொருத்துங்கள், துண்டைத் தூரிகையின் நுனியால் எடுத்து மேலே படுக்க வையுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குத் தட்டித் தட்டிக் காற்றை வெளியேற்றுங்கள். தேய்க்க வேண்டாம், தாள் நகரும். மேலே இன்னொரு மெல்லிய பூச்சு. தாள் ஈரத்தில் கண்ணாடிபோல் ஆகி, கோனின் நிறம் அதன் வழியே தெரிந்தால் பசை போதும். பால்போல் வெள்ளை தேங்கி நின்றால் அதிகம். உலர்ந்த தூரிகையால் ஒற்றி எடுங்கள்.

கிழிசல் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் முன்பக்கமும் ஒரு துண்டு வேண்டும். ஆனால் அதே நாளில் அல்ல. காகிதம் ஈரத்தில் விரியும், காய்கையில் சுருங்கும். இரு பக்கமும் ஒரே நேரத்தில் நனைத்தால் கோன் கோணிக்கொண்டு காயா நேரும். ஒரு பக்கம் நன்றாகக் காய்ந்த பிறகே மறுபக்கம்.

காயவைக்கும்போது கோன் மேல்நோக்கி, ஸ்பீக்கர் மட்டமாக இருக்கட்டும். வெயிலில் வைக்காதீர்கள், முடி உலர்த்தும் கருவியும் கூடாது. வேகமாகக் காய்ந்தால் ஒட்டு சுருங்கி இழுக்கும். மாசி, பங்குனியில் ஓர் இரவு போதும். ஜூன், ஜூலை மழையில் ஒரு முழு நாளும் அதற்கு மேலும் விடுங்கள். பூனையும் குழந்தைகளும் எட்டாத இடம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. காய்ந்த பிறகு ஒட்டு வெளிறித் தெரிந்தால் கறுப்பு இந்தியா மையைத் தண்ணீரில் கலந்து ஒரு பூச்சு பூசலாம். இது கண்ணுக்காக மட்டும்.

கிழிசல் கோனில் இல்லாமல் மடிப்பு ஓரத்தில் இருந்தால் முறை மாறும். ஒவ்வொரு அசைவிலும் வளைய வேண்டிய இடம் அது. வெள்ளைப் பசை அங்கே விறைப்பு. சைக்கிள் பஞ்சர் ஒட்டும் ரப்பர் சொல்யூஷனை மெல்லப் பூசி, பழைய மல் துணியின் ஒரு சிறு துண்டை வைத்து, மேலே இன்னொரு மெல்லிய பூச்சு பூசுங்கள். மடிப்பின் நெளிவு அப்படியே இருக்க வேண்டும், நிரப்பிவிடக் கூடாது. அந்த சொல்யூஷன் எளிதில் தீப்பற்றும். சன்னலைத் திறந்து வையுங்கள்; விளக்கேற்றிய அறையில் வேண்டாம்.

ஒட்டக் கூடாதவை

கிழிசல் கோனின் சுற்றளவில் கால் பங்கைத் தாண்டினாலோ, காயிலோடு கோன் சேரும் கழுத்தில் இருந்தாலோ ஒட்டிப் பயனில்லை. காயிலின் முழு விசையும் கழுத்து வழியாகத்தான் போகிறது. டீ பேக் அங்கே தாங்காது. ஓரம் கறுப்பு நுரையாக இருந்து தொட்டால் உதிருமானால், அது கிழிசல் அல்ல, மட்கல். நுரை வளையத்தையே மாற்ற வேண்டும். வழவழப்பான பாலிபுரொப்பிலின் கோனில் வெள்ளைப் பசை பிடிக்காது, உரிந்து வந்துவிடும். ரயில் நிலையத்திலும் கோயில் கோபுரத்திலும் கல்யாண வீட்டிலும் கட்டும் குழாய் ஸ்பீக்கரில் காகிதக் கோன் கிடையாது. அதன் பின்னால் உள்ள யூனிட்டில் இருப்பது கெட்டியான ஒரு சிறு சவ்வு. அது போனால் அதே அளவில் சவ்வு வாங்கி மாற்றுவதுதான் வழி. நான் பணியில் இருந்தபோது அந்தச் சவ்வை ஒட்ட முயன்றவர்களைப் பார்த்திருக்கிறேன்; ஒன்றுகூட ஒரு வண்டி அறிவிப்பைத் தாண்டவில்லை.

கிழிசலை விரும்பி வைத்துக்கொண்டவர்களும் உலகில் உண்டு என்பதை இளைஞர்களுக்காகச் சொல்கிறேன். அமெரிக்காவில் 1951ல் பதிவான 'ராக்கெட் 88' என்ற பாட்டில், வரும் வழியில் அடிபட்ட கிட்டார் ஆம்பிளிபையரின் கோனுக்குள் காகிதத்தைத் திணித்துக்கொண்டு வாசித்தார்கள். அந்தக் கரகரப்பே பாட்டுக்குப் பெயர் வாங்கித் தந்தது. லண்டனில் கிங்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் தம் ஆம்பிளிபையரின் கோனைச் சவர பிளேடால் தாமே கீறிக்கொண்டார். 1964ல் வந்த அவர்களுடைய புகழ்பெற்ற பாட்டில் கேட்பது அந்தக் கீறலின் ஒலி. கிட்டாருக்கு அது அழகாக இருக்கலாம். செம்பை வைத்தியநாத பாகவதரின் குரலுக்கு அது ஆகாது.

சோதித்துப் பார்த்தல்

காய்ந்ததும் முன்போலவே விரல்களால் சமமாகத் தள்ளி, உரசல் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். டார்ச் செல்லைத் தொட்டு 'டக்' சத்தத்தைக் கேளுங்கள். கம்மலாக இல்லாமல் தெளிவாக இருக்க வேண்டும். பிறகு பெட்டியில் மாட்டி, ஒலியைக் குறைத்து, முதலில் பேச்சைக் கேளுங்கள். செய்தி வாசிப்பு உத்தமம். குரலில் உள்ள குறை பேச்சில் பட்டென்று தெரியும், வாத்தியங்கள் மறைத்துவிடும். அது தெளிவாக இருந்தால் ஒரு தனி ஆவர்த்தனம் போட்டுத் தொப்பியைக் கவனியுங்கள். கைப்பேசியில் ஒலி அதிர்வெண் எழுப்பும் செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கைப்பேசியை ஆம்பிளிபையரில் இணைத்து, ஒலியை மிகக் குறைத்துக்கொண்டு, 60 ஹெர்ட்ஸிலிருந்து 300 வரை மெல்ல ஏற்றிப் பாருங்கள். வழியில் எங்கேனும் ஒரே இடத்தில் மட்டும் 'ர்ர்' என்று ஒலித்தால், ஒட்டின் ஓர் ஓரம் பிடிக்காமல் நிற்கிறது. அந்த ஓரத்தில் ஒரு சொட்டின் பாதி, இன்னோர் இரவு.

வீட்டில் அப்பா அம்மாவின் குரல் பதிந்த கேசட் இருந்தால், சோதனைக்கு அதைப் போடாதீர்கள். வேறு கேசட்டில் எல்லாம் சரி என்று கண்ட பிறகு போடுங்கள். ஒட்டிய தேதியையும், என்ன பசை என்பதையும், ஸ்பீக்கர் எத்தனை ஓம் என்பதையும் காந்தத்தின் பின்னால் ஒரு சிறு சீட்டில் எழுதி ஒட்டிவையுங்கள். இருபது ஆண்டு கழித்து அந்தப் பெட்டியைத் திறக்கிறவருக்கு உதவும்.